சொல்லாமல் வகுப்புக்குள் போவது: உள்ளக மேற்பார்வைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வலயக் கல்வி அலுவலகத்தின் வான் வாசலில் நின்றால் போதும். அதிபரின் அறையில் தேத்தண்ணி ஊற்றி முடிவதற்குள் கடைசிக் கட்டடத்தின் கடைசி வகுப்பு வரைக்கும் செய்தி போய்விடும். பாடக்குறிப்புக் கொப்பிகள் மேசைக்கு வரும், சுருட்டி வைத்த சார்ட்டுகள் சுவரில் ஏறும். யாழ்ப்பாணத்தில் பல பள்ளிக்கூடங்களில் வகுப்புகளுக்கு அரைச்சுவர்தான், அதனால் யார் வந்தாலும் தூரத்திலேயே தலை தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஒரு பாடத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். புதிதாகப் பிரதி அதிபராக, பகுதித் தலைவராகப் பொறுப்பேற்றவர்கள் இதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். நானும் விழுந்தவன்தான். எந்தப் படியை எதற்கு முன் வைக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

1. ஏன் சொல்லாமல் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

“பிழை பிடிக்க” என்பது உங்கள் பதிலாக இருந்தால் அதற்கு இந்த வழி அவசியமில்லை. அமெரிக்காவில் புளோரிடாவின் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் 67 ஆசிரியர்களின் பாடங்களை வீடியோவில் 129 பேர் பார்த்துப் புள்ளியிட்ட ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. ஆசிரியர் தாமே தெரிவுசெய்து கொடுத்த பாடங்களுக்குப் புள்ளி கொஞ்சம் கூடியது. ஆனால் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை பெரும்பாலும் மாறவில்லை. தடுமாறுகிறவர் தயார்செய்து வந்தாலும் தடுமாறினார்.

ஆகவே, சொல்லிவிட்டுப் போனாலும் யாருக்கு உதவி தேவை என்று தெரிந்துவிடும். சொல்லாமல் போவதற்குக் காரணம் வேறு: பிள்ளைகளுக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிகிறது என்று பார்ப்பது. ஆசிரியருக்கும் ஒரு சுமை குறைகிறது. நமக்காக இரண்டு நாள் சார்ட் கீற வேண்டியதில்லை.

2. நாளைச் சொல்லாதீர்கள், விதியைச் சொல்லுங்கள்

முதல் வகுப்புக்குள் கால் வைக்கும் முன் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். யார் வருவார், எவ்வளவு நேரம் இருப்பார், எதைப் பார்ப்பார், எழுதியது யாரிடம் போகும், எதற்குப் பயன்படாது. இரகசியமாக இருக்க வேண்டியது நாளும் பாடவேளையும் மட்டுமே.

இந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். “அதிபருக்கு அதிகாரம் இருக்கு, பிறகென்ன கூட்டம்?” என்று கேட்பார்கள். அதிகாரம் இருப்பது உண்மை. ஆனால் விதி தெரியாத இடத்தில் முதல் நாளே ஆசிரியர் அறையில் ஒரு கதை உருவாகும்: “இன்னாரைத் தூக்கப் போகினம், அதுக்குத்தான் இந்த றவுண்ட்ஸ்.” அந்தக் கதையை அழிப்பதைவிட ஒரு மணித்தியாலக் கூட்டம் சுலபம்.

கூட்டத்தில் இன்னொன்றும் சொல்லுங்கள்: “என்ர வகுப்புக்கும் நீங்கள் எப்பவும் வரலாம்.” பிரதி அதிபருக்கும் சில பாடவேளைகள் இருக்குமல்லவா? இரண்டு மூன்று ஆசிரியர்கள் வந்து உங்களைப் பார்த்த பிறகு நீங்கள் அவர்களிடம் போங்கள். சும்மா மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கும்போது முன்னால் நிற்பவருக்கு நாக்கு எப்படி வறளும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

3. ஒரு பக்கத் தாள் ஒன்றைச் சேர்ந்து தயாரியுங்கள்

முப்பது கட்டங்களில் சரி போடும் படிவம் வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் முப்பது கட்டத்தை நிரப்புகிறவர் பாடத்தைப் பார்க்க முடியாது, தாளைத்தான் பார்ப்பார்.

மேலே திகதி, பாடவேளை, தரம், பாடம், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம். நடுவில் பெரிய வெற்றிடம். கீழே இரண்டு வரி: பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று, மாற்றிப் பார்க்க வேண்டியது ஒன்று. அதற்குக் கீழே ஆசிரியர் எழுதுவதற்கு ஒரு கட்டம், பிறகு இருவரின் கையெழுத்து. ஆசிரியர் எழுதும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத தாள் ஒரு பக்கத்துச் சாட்சியாகிவிடும்.

4. இரண்டு பேர் ஒரே பாடத்தைப் பார்த்துப் பழகுங்கள்

விருப்பத்துடன் இடம் தரும் ஒரு ஆசிரியரின் பாடத்தை, மேற்பார்வை செய்யப்போகும் எல்லோருமாகப் பாருங்கள். வெளியே வந்து, ஒருவரோடொருவர் பேசாமல் எழுதி, பிறகு தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் “வகுப்பு சத்தம்” என்று எழுதியிருப்பார், மற்றவர் அதே நேரத்தைக் “குழுவாகக் கதைத்துக் கணக்குச் செய்தார்கள்” என்று எழுதியிருப்பார். இந்த வித்தியாசம் முதலிலேயே தெரியவேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்: “பிரதி அதிபர் வந்தால் நல்லது, பகுதித் தலைவர் வந்தால் கூடாது.”

மேலே சொன்ன ஆய்வு இங்கேயும் உதவுகிறது. ஒரே ஆள் இன்னொரு பாடத்தைப் பார்ப்பதைவிட, இன்னொரு ஆள் பார்ப்பதுதான் முடிவை அதிகம் நம்பத்தக்கதாக்குகிறது என்று அதில் தெரிந்தது. அதனால் ஒரு ஆசிரியரை ஒரே ஆள் வருடம் முழுக்கப் பார்க்க விடாதீர்கள்.

5. நேரத்தைக் கணக்கிடுங்கள், பிறகு சீட்டுக் குலுக்குங்கள்

இருபது ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கூடம் என்று வையுங்கள். தவணைக்கு ஒருவரை மூன்று தடவை பார்த்தால் அறுபது தடவை. முதல் வாரத்தையும் பரீட்சை நாட்களையும் கழித்துவிட்டுப் பத்து வாரம் என்று எடுத்தால் வாரத்துக்கு ஆறு. இருவர் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று. உள்ளே 15 நிமிடம், எழுதிச் சரிபார்க்க 10, பேச 10: மொத்தம் 35 நிமிடம். அதாவது பாடவேளை ஒன்றுக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கை முதலே போடாதவர்கள் முதல் வாரத்தில் எட்டு வகுப்புக்குப் போவார்கள், மூன்றாம் வாரத்தில் விளையாட்டுப் போட்டி வரும், அதோடு சரி. வருட முடிவில் பாதிப் பேரைத்தான் பார்த்திருப்பார்கள்.

யாரைப் பார்ப்பது என்பதைச் சீட்டுத் தீர்மானிக்கட்டும். பெயர்களைத் துண்டுகளில் எழுதி ஒரு பால்மா தகரப்பேணியில் போட்டு, ஒவ்வொரு தடவை போகமுன்னும் ஒன்றை எடுங்கள். எல்லாப் பெயரும் வந்து முடிந்த பிறகே திருப்பிப் போட வேண்டும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: பெயர் வந்துபோன ஆசிரியர் “இனி இந்தச் சுற்றில் வரமாட்டினம்” என்று கணக்குப் போடுவார். அதற்காகச் சுற்றுக்கு ஓரிரு பெயரை மட்டும் மீண்டும் பேணிக்குள் போடுங்கள்.

மனத்தால் தெரிவுசெய்தால் என்ன நடக்கும்? கால் தானாகவே இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று, பார்க்கச் சுகமான நல்ல வகுப்பு. மற்றது, ஏற்கெனவே கோபம் உள்ள ஆசிரியரின் வகுப்பு.

நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். பாடத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று நிரல் போட்டு, ஒரு ஆசிரியருக்கு மூன்றும் நிரம்புகிறதா என்று பாருங்கள். மதியம் ஒரு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே வேகும் கடைசிப் பாடவேளையில் மட்டும் ஒருவரைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது.

6. போகக்கூடாத நாட்கள்

தவணையின் முதல் வாரம். பரீட்சைக்கு முந்திய நாட்கள். நீண்ட விடுமுறையிலிருந்தோ செத்தவீட்டுத் துடக்குக் கழிந்தோ ஆசிரியர் திரும்பிய முதல் இரண்டு நாள். தகரக் கூரையில் மாரி மழை அடிக்கும் நேரம், ஏனென்றால் யார் என்ன சொல்கிறார் என்று பிள்ளைக்கே கேட்காது. தீவுப் பள்ளிக்கூடங்களில் முதற் பாடவேளையைக் கவனமாகப் பாருங்கள். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கு வருகிற ஆசிரியரைக் கடல் கொந்தளித்த காலையில் போய் அளக்க வேண்டாம்.

7. உள்ளே போவதும் உட்காருவதும்

யாராவது உள்ளே வந்தால் முழு வகுப்பும் எழும்பி “வணக்கம் சேர்” என்று இழுப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பாடம் அந்த இடத்தில் அறுந்துவிடும். அதனால் காலைப் பிரார்த்தனையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: பாடம் நடக்கும்போது வருகிறவருக்கு எழும்பத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் நாள் எடுக்கும்.

வாசலில் ஒரு தலையசைப்புப் போதும். எந்த இடத்தில் உட்காருவது? எல்லோரும் பின்வரிசைக்குப் போவார்கள். அங்கிருந்து முப்பது பிடரிகள்தான் தெரியும். பக்கச் சுவரோடு, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் உட்காருங்கள். பிள்ளைகளின் முகமும் கையும் கொப்பியும் அப்போதுதான் தெரியும்.

யன்னலுக்கு வெளியே நின்று பார்க்காதீர்கள். இது என் சொந்தப் பிழை. புதிதில், “உள்ளே போனால் பாடம் குழம்பும்” என்று நினைத்து விறாந்தையில் தூணோரம் நின்று கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போன பிள்ளை கண்டுவிட்டது. “ரீச்சர், சேர் ஒளிச்சு நிக்கிறார்!” அந்த ரீச்சர் என்னை மீண்டும் நம்புவதற்கு இரண்டு தவணை ஆனது. முன்னறிவிப்பில்லாமல் போகலாம், ஒளித்துப் பார்க்கக் கூடாது.

போனை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். மேசைக்குக் கீழே செய்தி பார்க்கிற மேற்பார்வையாளரைப் பிள்ளைகள் மறப்பதில்லை. படம், வீடியோ எதுவும் எடுக்கவும் கூடாது.

8. பதினைந்து நிமிடத்தில் எதை எழுதுவது

கண்ட காட்சியை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான்.

“வகுப்புக் கட்டுப்பாடு போதாது” என்பது தீர்ப்பு. “9.05 முதல் 9.13 வரை பின்வரிசையில் 4 பேர் கொப்பி திறக்கவில்லை” என்பது காட்சி. முதலாவதை ஆசிரியர் மறுப்பார், மறுத்தால் உங்களிடம் பதில் இருக்காது. இரண்டாவதை அவர் யோசிப்பார். சிலவேளை, “அவையள் நாலு பேருக்கும் பழைய கொப்பி முடிஞ்சுது சேர்” என்பார். அப்போது கற்றுக்கொள்கிறவர் நீங்கள்.

நான் நாலு விடயத்தைப் பார்ப்பேன்.

கேள்வியும் பதிலும். ஆசிரியர் கேட்ட கேள்விகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். பக்கத்தில் வகுப்பின் வரைபடம் ஒன்றைச் சின்னதாகக் கீறி, பதில் சொன்ன பிள்ளையின் இடத்தில் புள்ளி வையுங்கள். பத்துக் கேள்விக்கு எட்டுப் புள்ளி முன்வரிசையில் விழுந்திருந்தால் அந்தப் படத்தை ஆசிரியரிடம் நீட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. ரியூசனில் ஏற்கெனவே அந்த அலகைப் படித்த மூன்று பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கை உயர்த்துவார்கள். வகுப்பு முழுக்க விளங்கிவிட்டது என்ற மயக்கம் அங்கேதான் வரும், பார்க்க வருகிறவருக்கும் சேர்த்து.

பிள்ளையின் கை. எத்தனை பேர் எழுதுகிறார்கள், செய்கிறார்கள், கரும்பலகையைப் பார்த்து வெறுமனே பிரதிபண்ணுகிறார்கள்? 2007 இல் தேர்ச்சி அடிப்படையிலான பாடத்திட்டத்தோடு வந்த, ஐந்து படிகள் கொண்ட 5ஈ (5E) கற்பித்தல் முறை, பிள்ளை தேடிக் கண்டுபிடிப்பதையும் விளக்கிச் சொல்வதையும் எதிர்பார்க்கிறது. பல வகுப்புகளில் அது பாடக்குறிப்பில் மட்டும் இருக்கும். ஆனால் பதினைந்து நிமிடத்தில் ஐந்து படியையும் தேடாதீர்கள். ஒரு படியின் நடுவில்தான் போய் உட்கார்ந்திருப்பீர்கள்.

கொப்பி. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை அனுமதி கேட்டுப் புரட்டி, கடைசியாகத் திருத்திய திகதியை எழுதுங்கள். மூன்று கொப்பி போதும். ஒன்று கெட்டிக்காரப் பிள்ளையினது, ஒன்று நடுத்தரம், ஒன்று பின்வரிசை.

கடைசியாக, பிள்ளையிடம் இரண்டு கேள்வி, மெதுவாக: “இப்ப என்ன செய்யிறாய்? எதுக்காகச் செய்யிறாய்?” முதற் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு வரும் பதில்தான் பாடம் எங்கே நிற்கிறது என்று காட்டும். “ரீச்சர் சொன்னவ” என்று பதில் வந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

இடையில் பேசாதீர்கள். ஆசிரியர் கரும்பலகையில் பிழையாக எழுதினாலும் பிள்ளைகள் முன் திருத்தாதீர்கள். பாடம் முடிந்ததும் தனியே சொன்னால் அடுத்த பாடவேளையில் அவரே திருத்திவிடுவார். ஆய்வுகூடத்தில் அமிலமோ நெருப்போ ஆபத்தாக இருந்தால் மட்டும் உடனே எழும்புங்கள்.

9. நினைத்தபடி நடக்காதபோது

வகுப்பில் ஆசிரியர் இல்லை: முதலில் பிள்ளைகளோடு யாராவது இருக்க ஒழுங்குசெய்யுங்கள். பிறகு காரணம் கேளுங்கள். ஏதோ படிவம் நிரப்ப அலுவலகமே அவரைக் கூப்பிட்டிருக்கும், இது நான் பலமுறை கண்டது. அந்த நாள் அவதானிப்பாகப் பதியப்படாது. காரணமில்லாமல் இல்லையென்றால் அது நிருவாக விடயம், அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை சொல்லும் வழியில் வேறாக நடக்கட்டும். இரண்டையும் ஒரே கொப்பியில் கலந்தால் மேற்பார்வைக் கொப்பி குற்றப் பத்திரிகையாகிவிடும்.

உங்களைக் கண்டதும் ஆசிரியர் பாடத்தை முதலிலிருந்து தொடங்குகிறார்: இது நடக்கும். அடையாளம், கேள்வி முடிய முன்னமே பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், உண்மையில் பாடம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதில் இருக்கும். பேசும்போது குத்திக்காட்ட வேண்டாம். நாலைந்து தடவை போனால் அவருக்கே அலுத்துவிடும். அடிக்கடி, கொஞ்ச நேரம் போகவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பில் கணிப்பீடு நடக்கிறது: குறித்துவிட்டு வெளியேறுங்கள், இன்னொரு நாள் வாருங்கள்.

10. அன்றைக்கே பேசுங்கள்

மணி அடித்துப் பிள்ளைகள் வீடு போகுமுன், முடியாவிட்டால் மறுநாள் இடைவேளைக்குள். ஒரு வாரம் போனால் ஆசிரியருக்கு அந்தப் பாடம் நினைவிருக்காது, உங்கள் மௌனம்தான் நினைவிருக்கும். “என்ன எழுதினாரோ” என்ற எண்ணம் ஒரு நாளிலேயே வளர்ந்துவிடும்.

ஆசிரியர் அறை வேண்டாம், அங்கே பத்துக் காது. அதிபரின் மேசைக்கு முன்னாலும் வேண்டாம், அது விசாரணை மாதிரி. வேப்பமரத்தடி, விறாந்தையின் முடிவு, வெறும் வகுப்பறை, ஏதாவது நல்லது.

கேள்வியோடு தொடங்குங்கள்: “ரீச்சர், நான் வரேக்க பாடம் நடுவில நிண்டது. அதுக்கு முன்னம் என்ன செய்தனீங்கள்?” பார்த்தது பதினைந்து நிமிடம்தான் என்பதை இந்தக் கேள்வியே ஒத்துக்கொள்கிறது. பிறகு கண்டதில் நல்லது ஒன்றை ஆதாரத்தோடு சொல்லுங்கள். “நல்லாச் செய்தனீங்கள்” என்பதில் ஒன்றும் இல்லை. “பின்னம் விளங்காத பிள்ளைக்குத் தோடம்பழத்தை வெட்டிக் காட்டினீங்கள், உடனே மூண்டு பேர் கை உயர்த்தினவை” என்பதில் இருக்கிறது. மாற்ற வேண்டியதும் ஒன்றே ஒன்று. ஐந்து சொன்னால் ஐந்தும் நடக்காது. அடுத்த முறை அந்த ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லி, சொன்னபடி பாருங்கள். தாளின் பிரதியைக் கையில் கொடுங்கள்.

11. உங்களைவிட மூத்தவரின் வகுப்பு

இதைப் பற்றி யாரும் பயிற்சியில் சொல்வதில்லை, ஆனால் எங்கள் ஊரில் இதுதான் பெரிய முட்டு. முப்பத்தெட்டு வயதுப் பகுதித் தலைவர், ஐம்பத்தெட்டு வயது ஆசிரியர். சிலவேளை அவரிடம் இவர் படித்தும் இருப்பார். “தம்பி, நீ பிறக்க முன்னம் நான் வெண்கட்டி பிடிச்சனான்” என்று ஒரு வசனம் வந்து விழும்.

அவரைப் பட்டியலிலிருந்து விடுவது பெரிய பிழை. அவருக்கே அது அவமரியாதை, இளைய ஆசிரியர்களுக்கும் அநியாயம். சீட்டில் பெயர் வந்தால் போகத்தான் வேண்டும். மாறவேண்டியது பேசும் விதம்: “சேர், நான் உங்களிட்டப் படிச்சனான். இப்ப பிள்ளையள் இரண்டாம் வரிசைக்குப் பின்னால பதில் சொல்லினமில்லை. உங்கட காலத்தில எங்களை எப்பிடிச் சொல்ல வைச்சனீங்கள்?” காட்சி அதேதான், வரைபடமும் அதேதான். ஆனால் பதிலை அவரே தேடுவார். இது முகத்துதி என்று நினைக்காதீர்கள். மூத்தவர்கள் பலரிடம் உண்மையாகவே பதில் இருக்கும், கேட்க ஆளில்லாமல் விட்டுப்போயிருக்கும்.

12. புள்ளி, சம்பள ஏற்றம்

ஒரு தடவை பார்த்ததற்குப் புள்ளி போடாதீர்கள். தவணை முடிவில் மூன்று தாளையும் வரிசையாக வைத்து, மூன்றிலும் திரும்பி வருவதை மட்டும் எடுங்கள். உத்தியோகபூர்வ மதிப்பீட்டுக்கும் சம்பள ஏற்றத்துக்கும் உரிய படிவங்கள் வேறு. அதற்கு, சொல்லிவிட்டுப் போய் முழுப் பாடவேளையும் இருந்து பாருங்கள். குறுந்தாள்கள் அதற்குப் பின்னணிதான்.

இன்னொன்று, பாட அறிவு. தமிழ் படிப்பித்த பிரதி அதிபர் உயர்தர இரசாயனவியலின் சரிபிழையை எழுதப் போகக் கூடாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எழுதலாம். பாடத்தின் உள்ளே சந்தேகம் இருந்தால் வலயத்திலிருந்து அந்தப் பாடத்துக்குரிய ஆசிரிய ஆலோசகரைக் கூப்பிடுங்கள்.

13. அலுவலகம், நூலகம், சிற்றூழியர்

இங்கே ஆளின் பக்கத்தில் போய் நின்று பார்ப்பது அசிங்கம், பலனுமில்லை. வேலை எங்கே தெரியுமோ அங்கே, அந்த நேரத்தில் போங்கள். கழிவறைக்கு இடைவேளை முடிந்த 10.50க்கு. நூலகத்துக்கு இடைவேளையின் நடுவில், கதவு திறந்திருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் என்று. அலுவலகத்துக்குக் காலை எட்டு மணிக்கு, பெற்றோர் வந்து நிற்கும்போது: எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், உட்காரக் கதிரை இருக்கிறதா, முதலில் என்ன சொல்லப்படுகிறது. கழிவறை ஊத்தையாக இருந்தால் சிற்றூழியரைக் கூப்பிட முன் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராத நாளில் யாரிடம் என்ன கேட்பது?

14. வலயத்திலிருந்து வருகிறவர்களுக்கு

அதிபரைச் சந்திக்காமல் வகுப்புக்குப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் நின்றபடி இரண்டு நிமிடம் போதும். நேரசூசியை முன்னமே எடுத்து வைத்திருங்கள், அங்கே போய்க் கேட்டால் அதைத் தேடுவதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். வகுப்பை முடித்து, ஆசிரியரோடு பேசி, பிறகு அதிபரோடு உட்கார்ந்து, கடைசியாக, பள்ளிக்கூடத்தில் நடப்பவற்றைப் பதிகிற சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆசிரியரிடம் சொல்லாத ஒரு வரியையும் அதில் எழுதாதீர்கள். தேத்தண்ணி அதற்குப் பிறகு.